நீலப் பெட்டிக்காரி ஏன் திரும்பி வந்தாள்

திங்கட்கிழமை காலை, நான் வேலை செய்யும் விடுதியின் மொட்டைமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. கை முழுக்கக் கடல் உப்பும் துருவும். தோள்பட்டையில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன். சுகமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டேய், அந்த நீலப் பொட்டிக்காரி கத ஞாபகம் இருக்குதா?"

"எந்த நீலப் பொட்டிக்காரி?"

"நீ சொன்ன சினிமா கததான்டா. புருசன் வூட்டுல தாங்க முடியாம நீலப் பொட்டிய எடுத்துகினு ரயில் டேசன்ல வந்து குந்தினு இருப்பாளே. ரயிலும் வந்துரும். ஏறாம திரும்பி வூட்டுக்கே வந்துருவா. ஏன் திரும்பி வந்தா? அது மட்டும் சொல்லு."

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது எதற்கு என்று எரிச்சலாகக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த அவளுடைய ஒரே மகள், வெள்ளிக்கிழமை ஒரு தோள்பையும் சூட்கேசுமாக சதுரங்கப்பட்டினத்துக்கு வந்து இறங்கியிருக்கிறாள். திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரியவர்கள் பேசி அழைத்துப்போக வருகிறார்கள்.

"நான் இன்னா சொன்னாலும், உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னுது. இந்தக் கதைய சொன்னா கேப்பா. ஆனா ஏன் திரும்பி வந்தான்றது மறந்துபோச்சுடா. அது இல்லாம சொன்னா சிரிப்பா. நீ யோசிச்சு வை. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு."

யோசித்தேன். பெட்டி நினைவுக்கு வந்தது. ஸ்டேஷன் பெஞ்ச் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. படத்தின் பெயர் இல்லை, நடித்தவள் முகம் இல்லை. ஆனால் அதே படத்தில் நகைச்சுவை நடிகர் தண்ணீர் டிரம்முக்குள் தலைகீழாக விழுந்து, டிரம்மோடு தெருவில் உருண்டு போனது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தேவையில்லாத குப்பையையெல்லாம் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, வேண்டியதைத் தொலைத்துவிடுகிற மண்டை எனக்கு. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அது பக்கத்து மாடியில் போய் விழுந்து, அதை எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது.

அக்காவுக்கு நான் ஏன் சினிமாக் கதை சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் திருக்கழுக்குன்றம் பக்கம், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். எங்கள் கோவிலில் சினிமா பாவமில்லை. பூசை முடிந்து நேராக மேட்னிக்குப் போன ஞாயிறுகள் உண்டு, அக்காதான் எனக்கு முன்னால் ஓடுவாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடமோ வேறு சபை. அங்கே நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடவே கூடாது. வீட்டில் டிவி கிடையாது. போன முதல் வாரமே தோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். அதற்குக்கூட அழவில்லை. செங்கல்பட்டில் புதுப்படம் மாறியது தெரிந்தால்தான் அவள் முகம் வாடும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் மாலை ஷிப்ட். புதன்கிழமை மதியம் செங்கல்பட்டு போய் மேட்னி பார்ப்பேன். வியாழன் காலை சதுரங்கப்பட்டினம் போய், அக்கா சமையலறையில் முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைச் சொல்வேன். பார்ப்பதுதானே பாவம், கேட்பது பாவமில்லையே என்று நாங்களே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

ஆனால் கூடத்தில் அக்காவின் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு கதவுத்திரைதான். சினிமா என்று தெரிந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அதனால் எல்லாப் படத்தையும் எங்கள் ஊரில் நடந்த சேதியாகச் சொன்னேன். "எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கா" என்று ஆரம்பிப்பேன். பாட்டை விட்டுவிடுவேன். சண்டை வந்தால் அடிதடி கேஸ். கதாநாயகன் பத்துப் பேரை அடித்தால் அதை இரண்டு பேராகக் குறைப்பேன், கிழவி நம்ப வேண்டுமே. படத்தின் பெயரைச் சொல்லவே முடியாது. ஒரு வியாழக்கிழமை நான் போனதும் மாமியார் திரையை விலக்கி, "ஏம்பா, அந்த ஜெயிலுக்குப் போன பையன் வந்துட்டானா? ஜெபக் கூட்டத்துல அவனுக்காக வேண்டிகினு இருக்கோம்" என்றார். போன வாரத்துக் கதாநாயகன் அவன். சபையே அவனுக்காக முழங்கால் போட்டிருக்கிறது. அக்கா கீரைக் காம்பை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். வந்துவிட்டான் என்று சொல்லி அவனை விடுதலை செய்தேன். நல்ல மனுஷி அவர். அவரை ஏமாற்றியதற்கு இப்போது கொஞ்சம் கூசுகிறது.

இப்படி இரண்டு வருஷம், வாரம் ஒரு படம். நூறு படமாவது சொல்லியிருப்பேன். அதில் ஒன்றின் பெயரைக்கூட அக்காவிடம் சொன்னதில்லை. இப்போது அந்தப் பெயர்தான் வேண்டும்.

திங்கள் மாலையிலிருந்தே தேட ஆரம்பித்தேன். போனில் "நீலப் பெட்டி ரயில்வே ஸ்டேஷன் பழைய படம்" என்று போட்டேன். நீல நிறத்தில் சூட்கேஸ் வாங்கச் சொல்லி நாற்பது விளம்பரம் வந்தது. என் மகள் வாங்கி, போனில் இருக்கிற ஏதோ ஒன்றிடம் கேட்டாள். அது கொஞ்சமும் யோசிக்காமல் படத்தின் பெயர், வருஷம், அவள் திரும்பி வந்த காரணம் எல்லாம் வரிசையாகச் சொன்னது. காரணம் கேட்க அழகாக இருந்தது, கணவனின் பழைய கடிதம் ஒன்று பெட்டிக்குள் கிடந்ததாம். மனம் நிறைந்துபோனது. மகள் சரிபார்த்தாள். அப்படி ஒரு படமே வரவில்லை. தெரியாது என்று சொன்னால் இதற்கெல்லாம் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை, அந்தக் காலத்தில் என்னோடு சினிமா பார்த்த நண்பனைப் பிடித்தேன். இப்போது சிற்பக்கூடங்களுக்குக் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.

"மச்சான், அது செவப்புப் பொட்டிடா. டேசன் இல்ல, பஸ் ஸ்டாண்டு. அவ திரும்பியும் வர்ல, செத்துப் பூடுவா."

"நீ சொல்றது வேற படம்டா."

"நீதான் வேற படம் சொல்ற. உனுக்கு எப்பவும் ரெண்டு படம் கலந்துதான் வரும். பேஜாரு புடிச்சவன்டா நீ."

ஒரு டீ ஆறும் வரை சண்டை போட்டோம். கடைசியில் இரண்டு பேருமே எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் எழுந்தோம். இந்த நண்பனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விசிலடித்துப் பார்த்த படங்கள் அவை. ரசித்தோம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எதை ரசித்தோம் என்று கேட்டால் இரண்டு பேரும் முழிக்கிறோம். சினிமாவுக்கென்று செலவழித்த மதியங்களையெல்லாம் யாரோ வாங்கிக்கொண்டு ரசீது தராமல் அனுப்பிவிட்டது போல இருந்தது.

புதன்கிழமை அக்காவே மறுபடி கூப்பிட்டாள். ஞாபகம் வந்ததா என்றாள். இல்லை என்றேன். மறுபடி யோசி என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அது சினிமாக்கா. எவனோ எழுதினது. அத வச்சி பொண்ணு வாழ்க்கைய முடிவு பண்ணுவியா? நீயே நாலு வார்த்த நல்லதா சொல்லி அனுப்பேன்."

போனில் அக்காவுக்குப் பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"அன்னிக்கு நானும் பொட்டி கட்டி வச்சிருந்தேன்டா" என்றாள். "பரண் மேல. கொயந்த துணி, என் துணி ரெண்டு. நீ கத சொல்லிட்டு எழுந்திருச்சதும் உங்கூடவே பஸ் ஏறிடலாம்னு இருந்தேன். நீ அந்தக் கதைய சொன்ன. அவ திரும்பி வந்தா. ஏன் வந்தான்னும் சொன்ன. கேட்டதும், சரிதானேன்னு தோணிச்சு. நீ போனதும் பொட்டிய அவுத்து துணிய மடிச்சி வச்சிட்டேன்."

மாமா, அதாவது அக்காவின் கணவர், செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் கைநீட்டுவார் என்று எனக்குத் தெரியாது என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒரு வியாழக்கிழமை அக்காவின் முழங்கைக்கு மேல் கன்றியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்குக் கிணற்றடியில் வழுக்கியதாகச் சொன்னாள். நான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதை நினைக்கும்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"அந்தக் காரணம் எனுக்கு வேணும்டா" என்றாள் அக்கா. "எம்பொண்ணுக்கு மட்டும் இல்ல. நான் எதுக்கு இருந்தேன்னு எனுக்கே மறந்துபோச்சு."

அதற்குப் பிறகு வேலையில் கை ஓடவில்லை. பத்தொன்பதாம் நம்பர் அறை ஏசிக்குக் கேஸ் நிரப்பாமலே மூடிவிட்டு வந்து, தங்கியிருந்தவர் சத்தம் போட்ட பிறகு திரும்பிப் போனேன். குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதே பெஞ்ச், அதே பெட்டி. ரயில் வருகிறது. அதோடு படம் அறுந்துவிடுகிறது. பல் இடுக்கில் சிக்கிய நாரை நாக்கு விடாமல் தேடுவது போல மனசு அங்கேயே போய்ப் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் விடுதி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையல் மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு போனில் பழைய காமெடி பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். டிரம். தலைகீழாகக் கால். தெருவில் உருண்டு போகிறது. எச்சில் கையோடு போனைப் பிடுங்கினேன்.

"இன்னா அண்ணாத்த, மெதுவா. போனு புதுசு" என்றார் மாஸ்டர்.

"இது இன்னா படம்?"

பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் எனக்குள் எதையும் எழுப்பவில்லை. ஆனால் முழுப்படமும் போனில் கிடந்தது, மங்கிப்போன பிரிண்ட், மூலையில் ஏதோ டிவியின் முத்திரையோடு.

சனிக்கிழமை லீவு போட்டு, காலையில் மகளின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். படம் ஓட ஓட ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கல்யாண வீட்டில் அறுந்த தோரணம், மாமனார் வளர்க்கிற கிளி, மழையில் நனைந்த வயல் பாட்டு. அடுத்தது இது, அடுத்தது இது என்று முன்கூட்டியே சொன்னேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வசனத்தைக் கூடவே முணுமுணுத்தேன். இரண்டு மணி நேரம் தாண்டியதும் அவள் நீலப் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். தூரத்தில் ரயில் கூவியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ரயில் வந்து நின்றது. அவள் எழுந்தாள், ஏறினாள், போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இன்னும் இருபது நிமிஷம் படம் இருந்தது. வேறு ஊர், தையல் கடை, கணவன் தேடி வருகிறான், அவள் கதவைத் திறப்பதில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துபோன காட்சியாக இருந்தால் பார்க்கும்போதாவது, ஆமாம் இதுதான் என்று ஒரு இடத்தில் தட்டும். இந்த இருபது நிமிஷத்தில் எங்கேயும் தட்டவில்லை. இதை நான் மறக்கவில்லை. பார்த்ததே இல்லை.

ஏன் பார்க்கவில்லை என்று யோசிக்கும்போதே பதில் கிடைத்துவிட்டது. இரண்டரை மணிக்கு மேட்னி. எனக்கு ஆறு மணிக்கு மாமல்லபுரத்தில் ஷிப்ட். அதற்குச் சரியான பஸ் செங்கல்பட்டில் நாலு ஐம்பதுக்கு. படம் முடிய ஐந்து மணி தாண்டிவிடும். நாலே முக்காலுக்கு எழுந்து, வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் காலை மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். எல்லாப் புதனும் அப்படித்தான் ஓடினேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே ஒரு முடிவைக் கட்டிக்கொள்வேன். மறுநாள் அதைச் சொல்வேன். சொல்லிச் சொல்லி, அதையே நான் பார்த்ததாக எனக்கும் ஆகிவிட்டது.

அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருந்தார். எங்கள் தெருப் பெண் ஒருத்தி புருஷனை விட்டு ரயிலேறிப் போய்விட்டாள் என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? அதனால் திருப்பி அழைத்து வந்திருப்பேன். அவள் திரும்பியதும் கூடத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்று குரல் வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. காரணம் என்று எதையோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அந்தக் காரணம் எங்கும் பதிவாகவில்லை. அது எந்தப் போனிலும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினேன். கோட்டையைத் தாண்டி நடக்கும்போது, ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. எனக்குக் கஷ்டமான வேலையா அது? குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது என்றால் போதும், அக்கா நம்பிவிடுவாள். வாசல் வரைக்கும் அந்த எண்ணம் இருந்தது.

உள்ளே அக்கா சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூடத்தில், மாமியார் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து "வா மாமா" என்றாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். புரட்டாசி வெயிலில், மின்விசிறி ஓடாத கூடத்தில், மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தாள்.

நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஞாபகம் வந்துச்சா?"

"அக்கா, அவ திரும்பி வர்லக்கா. ரயில் ஏறிப் போயிட்டா. நான் கடைசிய பாக்கவே இல்ல. நாலு அம்பது பஸ்ஸுக்கு எந்திரிச்சி ஓடிட்டேன். திரும்பி வந்தான்னு நானா சொன்னேன். உங்க அத்த காதுல விழுமேன்னு அப்படிச் சொன்னேன்."

அக்கா கையிலிருந்த காம்பைப் பார்த்தாள். இலையை உருவி முறத்தில் போட்டாள். இன்னொரு காம்பை எடுத்தாள்.

"அப்ப ஏன் வந்தான்னு நீ சொன்னது?"

"அதுவும் நானா சொன்னதுதான். இன்னா சொன்னேன்னு சத்தியமா ஞாபகம் இல்லக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறத்தில் இருந்த கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். எழுந்து கையைக் கழுவினாள். கூடத்துக்குப் போய் மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கையை மேலே சுருட்டினாள். பார்த்தாள். மறுபடி இறக்கிவிட்டாள்.

"போறியா?" என்று கேட்டாள். வந்து இறங்கிய வெள்ளிக்கிழமையிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்கவில்லை. போ என்றுதான் சொல்லியிருக்கிறோம், நான் உட்பட.

"போவலம்மா."

பதினோரு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, காரில். அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். அவர்கள் ஜெபம் பண்ணி முடிக்கும் வரை தலையில் முக்காடு போட்டு நின்றாள். பிறகு, "பொண்ணு வராதுங்க" என்றாள். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அக்கா அந்த ஒரே வாக்கியத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நாலாவது முறை சொன்னபோது எழுந்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். மூட்டுவலிக்காரி, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நிழலில் நின்றோம். கடல் காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன்.

"அந்த நாலு அம்பது பஸ்ஸுக்கு அப்பால வேற பஸ்ஸே இல்லியாடா?" என்றாள்.

"இருந்துச்சு. அஞ்சு இருவதுக்கு ஒண்ணு."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுல வந்திருக்கலாமேடா" என்றாள்.

அதில் வந்திருந்தால் அரை மணி நேரம் லேட்டாகியிருக்கும். சூப்பர்வைசர் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.